தம்பிக்குச் சொல்லாமல் விட்ட பதினான்கு மாதங்கள்

என் தம்பிக்கு ஒரு விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிடுங்கள் என்று ஒரு டொக்டர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்ட விஷயம் அது. பதினான்கு மாதங்கள் நான் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவன் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் கல்முனையிலுள்ள என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி ஆக்கியதைச் சாப்பிட்டான், என்னைக் கேலி பண்ணினான், கேற்றுக்கு வெளியே போய் நின்று சிகரட் பத்திவிட்டுத் தன் வீட்டுக்குப் போனான். இன்று அவனுக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. வயிற்றின் வலது பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் பையில்தான் அவனுடைய சிறுநீர் சேருகிறது.

எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்தொரு வருஷம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். என்னிடம் படித்தவர்களில் டொக்டர்மார் பலர் இருக்கிறார்கள். தெருவில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஸலாம் சொல்கிறார்கள். நான் போன பிறகு என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள் என்றும் தெரியும். அந்த நாலு வார்த்தையோடு இதுவும் சேர்ந்து இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்களில் ஒருவரிடம் நீங்கள் எந்தக் குடி என்று கேட்டால் அவர் தன் தாயின் குடியைச் சொல்வார். குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். வீடும் பெண்ணுடையது, பிள்ளைகளும் அவள் குடி. ஆண் அந்த வீட்டில் சாப்பிட்டு, உழைத்து, பிள்ளைகளைப் பெற்று, கண்ணை மூடி மவுத்தாகும்போதும் தன் உம்மாவின் குடிக்காரனாகவே மவுத்தாகிறான். எங்கள் வாப்பா எங்கள் வீட்டில் அப்படிப் பதினாறு வருஷம் வாழ்ந்தார். இறக்காமத்துப் பக்கம் வயல் செய்தார். வேளாண்மை வெட்டும் காலத்தில் யானைக் காவலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வரும்போது உடுப்பெல்லாம் பீடி மணக்கும். எனக்குப் பதின்மூன்று வயதானபோது, கல்முனைக்கு வடக்கே, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும் ஊரில் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

உம்மா சண்டை போடவில்லை. அவருடைய பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. நானும் என் இரண்டு சகோதரிகளும் உம்மாவின் பிள்ளைகளாக, உம்மாவின் குடியாக, மாமாமார்களின் மருமக்களாக வளர்ந்தோம். மாமாமார் நாலு பேர். எல்லோரும் தொண்ணூறைத் தொட்டுப் போனவர்கள். எங்கட குடிக்கு நோய் வருத்தம் வாறல்ல என்று உம்மா சொல்லுவாள். நானும் அதை நம்பினேன்.

வாப்பா சுகமில்லாமல் இருந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். உம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டாம் தரம் போனபோது கிணற்றடியில் குந்தியிருந்து அஸர் தொழுகைக்காக முகம் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்து எழும்புவதற்குள் சிறுநீர் சொட்டி ஒளு முறிந்துவிட்டது. திரும்பவும் குந்தி முதலிலிருந்து தொடங்கினார். சீமெந்துத் தரையில் ஓடிய தண்ணீர் கடும் தேயிலைச் சாயம் போல இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, நீர்க்கடுப்பு மகன், சூட்டுக்கு வந்தது என்றார். பரியாரி இளநீரும் பார்லித் தண்ணியும் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அந்த வருஷமே அவர் மவுத்து. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் மறந்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தேன்.

தம்பி எனக்கு வந்தது நான் முப்பத்தெட்டு வயது வாத்தியாராக இருந்தபோது. ஒரு நாள் பின்னேரம் ஒரு இளைஞன் சைக்கிளைக் கேற்றில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திடுக்கிட்டது. வாப்பாவின் மூக்கு, வாப்பாவின் கோணல் சிரிப்பு. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை நீலமாக இருந்தன.

"நான் உங்கட வாப்பாட மகன்," என்றான். "கலியாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளப் பக்கத்துக்கு மூத்த ஆள் ஆரெண்டு பொண்ணு வீட்டார் கேக்கிறாங்க. நீங்க வரணும் காக்கா."

அண்ணனை அழைக்கும் காக்கா என்ற வார்த்தையால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். சாயம் கழுவினால் போகாது என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னான். தறிக்கு நூல் சாயம் போடுகிற பட்டறையில் வேலை. உம்மா அப்போது உயிரோடு இருந்தாள், வயது போனதால் என் மனைவியின் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். குசினியிலிருந்து வெளியே வரவில்லை. ஆனால் ஒரு கோப்பை சோறும் கணவாய்க் கறியும் என் மனைவியின் கையில் கொடுத்தனுப்பினாள். அவன் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்து, இப்படி ஒரு கறி நான் தின்றதில்லை பெரியம்மா என்று உரத்துச் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான். அடுத்ததற்கும். அவன் ஊரில் பள்ளிவாசலுக்கா குறை, ஆனாலும் ஜும்ஆவை எங்கள் பள்ளியில் தொழுதுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவதை வழக்கமாக்கிக்கொண்டான். மூன்று மாதம் போன பிறகு உம்மா அவனுக்கு மீன் தலையை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகும் அவனோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் என் வீட்டுக்குக் கொண்டுவந்த சிரிப்பை எந்தத் தராசில் வைப்பேன்? என் மாணவர்கள் வாத்தியார் என்ற மரியாதைக்கு என்னைச் சேர் என்று கூப்பிடுவதை அவன் பிடித்துக்கொண்டான். நான் ஏதாவது புத்தி சொன்னால், சேர் செல்லினா எழுதிக்கொள்ளணும் என்று பைக்குள் பேனை தேடுவான். பெருநாளைக்கு எனக்கென்று அவனே சாயம் போட்ட நூலில் நெய்த சாரம் கொண்டுவருவான். ஒரு தரம் பச்சை, ஒரு தரம் கத்தரிப்பூ நிறம், ஒரு தரம் உடுத்துக்கொண்டு வெளியே போகவே முடியாத ஒரு சிவப்பு. என் மகள்மார் இருவரும் அவன் தோளில் வளர்ந்தவர்கள். என் மனைவி என் முன்னால் சிரிக்காத அளவுக்கு அவன் முன்னால் சிரிப்பாள். எனக்கு அதில் பொறாமை கூட இருந்தது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. நோவு ஒன்றும் இல்லை. பீற்றூட் சாப்பிட்டோமா என்று யோசித்தேன். மூன்று கிழமை யாரிடமும் சொல்லவில்லை. நான்காவது தரம் கண்ட பிறகு மனைவியிடம் சொன்னேன். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையின் சுவரில், காலிஃபிளவர் என்கிற பூக்கோவா போல ஒரு சின்ன வளர்ச்சி. வந்த வழியாலேயே கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் மேலோட்டமானது, நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்றார்கள். ஆறு கிழமைகள் பைக்குள் மருந்து விட்டார்கள். குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருந்ததா என்று முதல் நாளே கேட்டார்கள். இல்லை என்றேன். எனக்கு என் மாமாமார் நாலு பேரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அப்போது இளைய மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது வீடு பார்ப்பார்கள், குடி பார்ப்பார்கள், குடும்பத்தில் என்ன வருத்தம் என்றும் பக்குவமாக விசாரிப்பார்கள். மூத்திரக்கல் என்று சொல்லுவோம் என்றாள் என் மனைவி. வார்த்தை அவளுடையது, முடிவு என்னுடையது. மகளுக்கும் கல், மாப்பிள்ளை வீட்டாருக்கும் கல், தம்பிக்கும் கல். அவன் ஒரு குலை இளநீரோடு வந்து, எவ்வளவு பெரிய கல்லு காக்கா, அடுப்புக்கு வைக்கலாமா என்று கேட்டான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குழாய் விட்டுப் பார்க்கப் போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாளில் புதிதாக வந்திருந்த ஒரு டொக்டர் என் ஃபைலை எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என் இளைய மகளின் வயதிருக்கும். நான் உயிரியல் வாத்தியார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அப்படியென்றால் பரம்பரை மரத்தை நீங்களே கீறித் தந்துவிடுங்கள், எனக்கு வேலை மிச்சம் என்றார்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எத்தனை ஆயிரம் தரம் கரும்பலகையில் கீறியிருப்பேன். நான் அழகாகவே கீறினேன். மேலே உம்மாவின் உம்மா. கீழே உம்மா, அவளுடைய சகோதரிகள், நாலு மாமாமார். அதற்குக் கீழே நானும் என் சகோதரிகளும். சகோதரிகளின் பிள்ளைகளைக் கூடக் கீறினேன். டொக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"சேர், உங்கட அப்பா எங்கை?"

"அவர் வேற குடி, டொக்டர்," என்றேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னது என் காதில் விழுந்தது அப்போதுதான். மற்றவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததை என் சொந்த உடம்பு என்று வந்தபோது நான் நம்பியிருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து என்று பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவன், தாளில் தகப்பனுக்கு ஒரு சதுரம் கூட வைக்கவில்லை. உம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறினேன். அதன் கீழே, கிணற்றடியில் கண்டதையும் சொன்னேன்.

அவர் நேரமெடுத்து விளக்கினார். சிகரட் புகையில், முன்பு பாவித்த சில சாயங்களில், ஒரு வகை நஞ்சு இருக்கிறது. ஈரல் அதை மாற்றித் தீங்கில்லாததாக்கி அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதியம் சிலருக்கு வேகமாக வேலை செய்கிறது, சிலருக்கு மெதுவாக. மெதுவானவர்களில் நஞ்சு சிறுநீரோடு வந்து பைக்குள் கூடுதல் நேரம் தங்குகிறது. அதற்கான மரபணுவின் மெதுவான பிரதி தாயிடமிருந்தும் ஒன்று, தகப்பனிடமிருந்தும் ஒன்று வந்தால்தான் ஆள் மெதுவானவர். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படி இருக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. இன்னும் சில சின்ன வித்தியாசங்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, சோதிக்கவும் தேவையில்லை, ஒருவேளை வெறும் சிகரட்டாகவும் இருக்கலாம் என்றார். நானும் இருபது வருஷம் பத்தியவன்.

"உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லேல்லை சேர்," என்றார் கடைசியில். "ஆனால் கூடப் பிறந்த ஆக்களுக்குச் சொல்லுங்கோ. சிகரட் பத்துறவை எண்டால் விடச் சொல்லுங்கோ. ஒருதரம் சிவப்பாய்ப் போனாலும் அடுத்த நாளே வரச் சொல்லுங்கோ. நோகாது, அதுதான் பிரச்சினை."

வான் வண்டியில் திரும்பி வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. உம்மாவிடமும் ஒரு மெதுவான பிரதி இருந்திருக்கக்கூடும். வருத்தம் வராத குடி என்று ஒன்று இல்லை. சகோதரிகள் இருவரும் வாழ்நாளில் புகை பிடித்தவர்களில்லை. தம்பி பதினேழு வயதிலிருந்து பத்துகிறான். அதே வயதிலிருந்து சாயத் தொட்டிக்குள் கை வைக்கிறான். வாப்பாவின் மூக்கோடும் கோணல் சிரிப்போடும் வேறு எதையெல்லாம் வாங்கியிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? சொல்ல வேண்டிய ஆள் அவன் ஒருவன்தான்.

சொல்லவில்லை. முதலில் மகளின் கலியாணம். தம்பிக்கு வாயில் எதுவும் நிற்காது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, பட்டறையில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கலியாணம் முடியட்டும் என்றேன். நாலு மாதத்தில் கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார், நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு சாட்டும் இருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால், கல் என்று சொன்னது பொய் என்றாகும். பொய் சொன்ன வாத்தியார் என்று அவன் முன்னால் நிற்க வேண்டும். அவன் சிரித்துவிடுவான் என்று பயந்தேனா, சிரிக்கமாட்டான் என்று பயந்தேனா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவன் வேறு உம்மாவின் பிள்ளைதானே, அவனுக்கு வந்திருக்காது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு வந்த பிறகும் அந்தப் பழைய கணக்கைத்தான் போட்டேன்.

ஒவ்வொரு வெள்ளியும் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கேற்றுக்கு வெளியே போய் நிற்பான். ஜன்னலால் அவனுடைய முதுகும் அதற்கு மேலே எழும்பும் புகையும் தெரியும். ஒரு நாள் வெளியே போய், இதை விட்டுத் தொலையேன்டா என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"இஸ்கூல் லாபுக்குள்ள கதவ மூடிட்டு நீங்க பத்தினத்த உங்கட்ட படிச்ச புள்ளயள் எனக்குச் செல்லியிருக்கிறாங்க சேர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவன் மோட்டார் சைக்கிளில் ஏறும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

அவனுக்குச் சிவப்பாகப் போகத் தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்து. அவன் அதை யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று நினைக்கவே இல்லை. பட்டறையில் அப்போது சிவப்பு நூலுக்குப் பெரிய ஓடர் வந்திருந்தது. சிவப்புத் தொட்டியில் வேலை செய்கிற நாட்களில் வியர்வை சிவப்பு, நகக்கண் சிவப்பு, துப்பினால் சிவப்பு. சாயம் உள்ளே போய் இறங்குது என்று மற்றவர்களோடு சேர்ந்து பகடி பண்ணியிருக்கிறான். நீல ஓடர் வந்தால் நீலமாகப் போகுதா பார்ப்போம் என்று பந்தயமும் கட்டியிருக்கிறார்கள். என்னிடம் மட்டும் அந்தப் பகடியைச் சொல்லவில்லை. சேருக்கு முன்னால் மூத்திரக் கதை என்னத்துக்கு என்று விட்டுவிட்டானாம். ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு காலையில் இரத்தக் கட்டி அடைத்து ஒரு சொட்டும் போகாமல் துடித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தசைக்குள் இறங்கிவிட்டது, சுரண்டிப் பிரயோசனமில்லை, பையையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் பெரிய ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களும் புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மற்றவர் பொறுத்தேன் என்று சொல்லி அவர்களிடமும் கேட்டுக்கொள்வார். பெரும்பாலும் அரை நிமிஷத்தில் முடிகிற சடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பகல் தம்பி என் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். கழுத்துப் பட்டி வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சேட்டு. வழமையாக இருக்கும் கதிரையில் இருக்காமல் எனக்கு முன்னால் நின்றான்.

"இருபத்தேழு வீடு முடிச்சிட்டன். உங்கட வீடுதான் கடைசி. வாயால கையால ஏதும் நோகப் பண்ணியிருந்தா மாப்புத் தாங்க காக்கா."

அவனுடைய இரண்டு கைகளும் என் கைகளுக்குள் இருந்தன. பொறுத்தேன் என்று சொல்லி அனுப்பிவிடலாம். இருடா என்றேன். இருந்தான். நான் சொன்னேன். கல் இல்லை என்று தொடங்கி, வாப்பாவின் கிணற்றடி, தாளில் விட்டுப்போன சதுரம், டொக்டர் சொன்னது, நான் சொல்லாதது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அழவில்லை, அழுதால் அவன் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவான் என்று தெரியும். என் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

அவன் தன் நகங்களைப் பார்த்தான். நகக்கண்களில் இன்னும் அந்தச் சிவப்பு இருந்தது.

"எப்ப செல்லினது அந்த டொக்டர்?"

"போன வருசம் நோன்புக்கு முந்தி."

விரல் மடித்து எண்ணினான். "பதினாலு மாசம்."

"ஓம்."

"எனக்கு முதல்ல சிவப்புக் கண்டு இப்ப ஆறு மாசமாகுது." எண்ணுவதை நிறுத்தினான். "நீங்க செல்லியிருந்தா நான் கேட்டிருப்பனா எண்டு எனக்குத் தெரியா காக்கா. அநேகமாக் கேட்டிருக்க மாட்டன். ஆனா அது என்ட வேல. செல்லுறது உங்கட வேல."

நான் மாப்புக் கேட்டேன். எழுபது வயதில் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவன் கையை இழுக்கவில்லை.

"இப்ப ஏலா," என்றான். "தாறன் எண்டு வாயால செல்லலாம், மனசு வராது. உசிரோட வந்தாப் பாப்பம். அதுக்குள்ள ஒரு வேல செய்யுங்க. என்ட மகன்மாருக்கு, உங்கட மகள்மாருக்கு, நீங்களே செல்லுங்க. உங்கட வாயால."

பிறகு குசினிப் பக்கம் திரும்பினான். "மதினி, சோத்தப் போடுங்க. நாளைக்கு இருந்து தண்ணிதானாம்."

அவன் தின்றான். மீன் தலையை என் மனைவி எடுத்து வைத்தாள். அவளுடைய கண்ணீர் சோற்றுச் சட்டிக்குள் விழுவதைப் பார்த்து, உப்புக் கூடப்போகுது மதினி என்றான். என்னோடு கதைக்கவில்லை. போகும்போது ஸலாம் மட்டும் சொன்னான். கேற்றடியில் நிற்கவில்லை, சிகரட்டை ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே விட்டுவிட்டான்.

அன்று மாலையே என் வேலையைத் தொடங்கினேன். அவனுடைய மகன்மார் இருவரும் கட்டார் நாட்டில் வேலை. தொலைபேசியில் முதலில் மூத்தவனுக்கு, பிறகு இளையவனுக்கு. பத்துவதை விடுங்கள், சிவப்புக் கண்டால் ஒரு நாளும் சுணங்க வேண்டாம், இது விதி இல்லை, ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு பாரம் கூட இருக்கலாம் என்று சொன்னேன். இளையவன் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான். அவன் மீது எனக்குக் கோபமில்லை. என் மகள்மாரைக் கூட்டிவைத்துச் சொன்னேன். மூத்தவள் அழுதாள். இளையவள், என் கலியாணத்துக்காகவா வாப்பா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவள் இன்னும் எத்தனை நாள் வாழ வேண்டுமோ. மருமகனுக்கும் நானே சொன்னேன். அவர், அடுத்த கிளினிக் எப்போது மாமா என்று கேட்டார். அன்றிலிருந்து வானுக்குக் காத்திருக்க விடாமல் அவரே கூட்டிக்கொண்டு போகிறார். இந்த மனிதரிடமிருந்துதான் நான் மறைத்திருந்தேன்.

ஒப்பரேஷன் ஏழு மணித்தியாலம் எடுத்தது. தம்பி உயிரோடு வந்தான்.

குடலின் ஒரு துண்டை வெட்டி வழி செய்து வயிற்றின் பக்கமாக விட்டிருந்தார்கள். அந்த வாயைச் சுற்றிப் பையை ஒட்ட வேண்டும். கிழமையில் இரண்டு தரம் பழையதைக் கழற்றிச் சுத்தம் செய்து புதியதை ஒட்ட வேண்டும். அவன் மனைவி அந்தச் சிவந்த வாயைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டாள், பாவம். தாதி, வேறு யாருக்குக் காட்டித் தருவது என்று கேட்டபோது நான் வாட்டு வாசலில் நின்றேன். என்னைக் கூப்பிடுவான் என்று எதிர்பார்க்கவில்லை.

"அந்தா நிக்கிறார் பாருங்க, அவருக்குக் காட்டுங்க," என்றான் தாதியிடம். "உயிரியல் படிச்சவர். இவ்வளவு நாளும் தவளயத்தான் வெட்டினவர்."

முதல் நாள் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் கழன்று என் சேட்டுக் கை முழுக்க நனைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் பெயில் சேர் என்றான். இரண்டாம் தரம் பிடித்தது. இப்போது ஏழு மாதமாகிறது. ஓட்டையை வாயின் அளவுக்குச் சரியாக வெட்டக் கற்றுக்கொண்டேன். தோல் சிவந்தால் என்ன பூசுவது என்று தெரியும். தொழுகைக்குச் சுத்தமாக மாற்றிக்கொள்ள அவன் வீட்டில் எனக்கென்று ஒரு சாரம் மடித்து வைத்திருக்கிறார்கள். பை மாற்றும்போது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பட்டறைக் கதைகள் சொல்வான். முன்பு போலவே சிரிக்கிறான். ஒரு நாள் வாப்பாவுக்கு ஒளு எடுக்கத் தண்ணி ஊற்றியது தான்தான் என்று சொன்னான். எத்தனை வாளி ஊற்றினாலும் அவர் திருப்திப்படமாட்டார் என்றான். அவரைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். எனக்குத் தெரியாத நிறைய விஷயங்கள் அவனுக்குத் தெரிந்திருந்தன. யானைக் காவலில் அவர் பாட்டுப் படிப்பார் என்பது கூட.

கடைசியாக எடுத்த படத்தில் வேறெங்கும் பரவவில்லை. இரண்டு வருஷம் போனால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்கிறார்கள்.

மாப்பைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் தந்துவிடுவானோ என்று ஒரு பயம். என் நரைத்த தலை அவனுடைய வயிற்றுக்கு மேலே குனிந்திருக்கும்போது, பாவம் என்று நினைத்துத் தந்துவிடுவான். அப்படி வேண்டாம். மனம் வரும்போது தரட்டும். வராவிட்டால் அதுவும் அவனுடைய உரிமை.

நாளை திங்கட்கிழமை. காலை ஆறரைக்குள் அங்கே நிற்க வேண்டும். அவன் தேத்தண்ணி குடிப்பதற்கு முன் மாற்றிவிட வேண்டும். குடித்துவிட்டான் என்றால் சொட்டு நிற்காது, ஒட்டு பிடிக்காது.